பழங்கிரேக்கமும் லத்தீனும் கற்கத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழங்கிரேக்கத்தையும் லத்தீனையும் தமிழ் வழியாக அறிமுகம் செய்துவருகையில், புதிதாக வருவோரின் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதைக் கண்டு, அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து விடையளித்திருக்கிறேன். கிடைக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே அறிந்த மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் வேற்றுமை உருபுகள் அநேகமாக மறைந்துவிட்டதால், அந்நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் பலவற்றைப் பள்ளியில் தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்தவர் முன்பே அறிவார். அதே வேளையில், அந்நூல்கள் எச்சரிக்காத சில இடங்களில் நம் தமிழ்ப் பழக்கமே நம்மை இடறவைக்கும். எது நமக்குக் கைகொடுக்கும், எது காலை வாரும் என்று பிரித்துக் காட்ட முயன்றிருக்கிறேன்.

இரண்டில் எதை முதலில் படிப்பது?

எதைப் படிக்க ஆசைப்பட்டு வந்தீர்களோ, அதை. பிளேட்டோவுக்காகவோ புதிய ஏற்பாட்டுக்காகவோ வந்தவர் லத்தீனில் ஓராண்டைச் செலவிட வேண்டியதில்லை. குறிப்பிட்ட விருப்பம் ஏதும் இல்லாதவருக்கு லத்தீனையே பரிந்துரைப்பேன்: எழுத்து முன்பே தெரிந்தது, வினைத் திரிபுகள் கிரேக்கத்தை விடக் குறைவு, பயிற்சி நூல்களும் எளிதில் கிடைக்கின்றன.

இரண்டையும் ஒரே நாளில் தொடங்குவதை மட்டும் தவிர்க்க வேண்டும். இரு மொழிகளின் விகுதிகளும் ஒன்றையொன்று ஒத்தும் ஒவ்வாமலும் இருப்பதால் முதல் மாதங்களில் இரண்டும் கலந்துபோகும். ஒன்றில் எளிய உரைநடையைத் தடுமாறாமல் படிக்கும் நிலை வந்தபின் மற்றதைத் தொடங்கினால், இரண்டாவது விரைவாக வசப்படும்.

கிரேக்க எழுத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. அதற்கே பல மாதம் ஆகுமா?

ஒரு வாரம் போதும். எழுத்துகள் 24 தான். 247 எழுத்துகளின் அட்டவணையை ஐந்து வயதில் கடந்து வந்தவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆங்கிலம் மட்டும் அறிந்தவரைத் தொல்லைப்படுத்தும் ஒன்று நமக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது: கிரேக்கத்தில் எப்சிலான் குறில் 'எ', ஈட்டா நெடில் 'ஏ', ஒமிக்ரான் குறில் 'ஒ', ஒமேகா நெடில் 'ஓ'. இந்த வேறுபாட்டைக் காதாலும் எழுத்தாலும் நாம் தினமும் கையாளுகிறோம்.

நமக்குக் கடினமானவை வேறு. தீட்டா, ஃபை, கை ஆகிய மூன்றும் பண்டைய ஏதென்ஸில் மூச்சு சேர்ந்த வல்லெழுத்துகளாக ஒலித்தன. தமிழில் அவ்வொலிகள் இல்லை. உப்சிலானை 'இ' சொல்லும் நாவுடனும் 'உ' சொல்லும் உதடுகளுடனும் ஒலிக்க வேண்டும். சொற்களின் மேல் காணப்படும் மூன்று வகை அழுத்தக் குறிகளை முதலில் அப்படியே பார்த்து எழுதப் பழகுங்கள். அவற்றின் விதிகளைச் சில மாதங்கள் கழித்துப் படித்தாலும் குற்றமில்லை.

எந்தக் கிரேக்கம்? ஹோமரா, ஏதென்ஸா, பைபிளா? இன்றைய கிரேக்கம் தெரிந்தால் போதாதா?

கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளின் ஏதென்ஸ் நகர வழக்கான ஆட்டிக்கே வழக்கமான தொடக்கம். அதை அறிந்தவர், பின்னோக்கிச் சென்று பழங்காப்பியக் கவி ஹோமரையும் முன்னோக்கிச் சென்று புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கொய்னே என்னும் பொதுக் கிரேக்கத்தையும் எட்டலாம். கொய்னேயில், இரண்டை மட்டும் குறிக்கும் இருமை எண் வழக்கொழிந்தது. விருப்பம் குறிக்கும் வினைவடிவமும் அரிதாயிற்று. ஆகவே அதை மட்டும் படிப்பவர் விரைவில் வாசிக்கத் தொடங்குவார். ஆனால் அதிலிருந்து பிளேட்டோவுக்கு ஏறுவது, ஆட்டிக்கிலிருந்து புதிய ஏற்பாட்டுக்கு இறங்குவதைவிடக் கடினம்.

இன்றைய கிரேக்கம் இவற்றின் வழித்தோன்றல்தான் என்றாலும், நான்காம் வேற்றுமை வடிவம் அதில் பொது வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. உயிரெழுத்துகளின் குறில் நெடில் வேறுபாடும் போய்விட்டது. சொல்வளத்துக்கு அது உதவும், இலக்கணத்துக்கு ஈடாகாது.

தமிழ் எழுத்திலேயே எழுதிவைத்துப் படித்தால் என்ன?

முதல் சில நாள்கள் அப்படிச் செய்யலாம். லத்தீனின் குறில் நெடிலைத் தமிழ் எழுத்து துல்லியமாகக் காட்டும்: 'மலும்' என்றால் தீமை, 'மாலும்' என்றால் ஆப்பிள். அச்சிட்ட லத்தீன் நூல்கள் பலவும் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தொடக்கப் பாடநூல்களில் மட்டும் நெடிலின் மேல் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு இட்ட நூலையே வாங்குங்கள்.

ஆனால் தமிழில் வல்லெழுத்தின் இரு ஒலிகளுக்கும் எழுத்து ஒன்றே. லத்தீனில் வயலைக் குறிக்கும் சொல்லையும் மேப்பிள் மரத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'அகெர்' ஆகிவிடும். முன்னதில் 'மகன்' என்பதிலுள்ள ககரத்தை ஒட்டிய ஒலி, பின்னதில் 'கல்' என்பதிலுள்ள ஒலி. இப்படிப்பட்ட குழப்பம் ஒவ்வொரு பக்கத்திலும் வரும். ஆகவே இப்பக்கத்தில் நான் தந்துள்ள தமிழ் எழுத்து வடிவங்களையும் கைத்தாங்கலாக மட்டுமே கொள்ளுங்கள். மனனம் செய்வதை மூல எழுத்திலேயே செய்யுங்கள்.

சிசெரோவா, கிகெரோவா? ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்களே?

பண்டைய ரோமப் பேச்சாளர் ஒருவரின் இப்பெயரை ஒலிப்பதில் மூன்று மரபுகள் வழக்கில் உள்ளன. ஆங்கிலேயர் தம் மொழியைப் போல ஒலித்த 'சிசெரோ'. இத்தாலிய ஒலியைத் தழுவிய திருச்சபை மரபின் 'சிசெரோ', இதில் சகரம் 'பச்சை' என்பதில் உள்ளதுபோல் அழுத்தமாக ஒலிக்கும். பண்டைய ரோமரின் ஒலியை ஆய்ந்து மீட்டெடுத்த 'கிகெரோ'. இன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கற்பிப்பது மூன்றாவதை. தேவாலயத்தில் பாடுவதற்காகப் படிப்பவர் இரண்டாவதைப் பின்பற்றலாம். எதுவானாலும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒலி நமக்கு எப்படித் தெரியும் என்ற துணைக்கேள்வி உடனே வரும். அக்காலக் கிரேக்கர் சிசெரோவின் பெயரைத் தம் எழுத்தில் எழுதும்போது ககரத்தைக் குறிக்கும் காப்பாவையே இட்டார்கள். வெஸ்பாசியன் பேரரசரின் பெயரை 'ஊ' ஒலியில் தொடங்கி எழுதினார்கள். ஆகவே லத்தீனின் 'வ' உதடு குவித்து ஒலித்தது என அறிகிறோம். கிரேக்கத்துக்கு நான் மிகவும் விரும்பும் சான்று ஓர் ஆடு. கிரத்தினோஸ் என்ற நகைச்சுவை நாடகாசிரியரின் எஞ்சிய வரி ஒன்றில், ஆடு கத்தும் ஒலி பீட்டாவும் ஈட்டாவும் சேர்த்து எழுதப்பட்டுள்ளது. இன்றைய கிரேக்க ஒலிப்பில் அதை 'வீ வீ' என்று படிக்க வேண்டியிருக்கும். எந்த ஆடும் அப்படிக் கத்துவதில்லை. அது 'பே பே' தான்.

நமக்கு எட்டு வேற்றுமை, லத்தீனுக்கு ஆறு, கிரேக்கத்துக்கு ஐந்து. அப்படியானால் அவை எளிதுதானே?

எண்ணிக்கை குறைந்தால் ஒன்றன் தலையில் சுமை கூடுகிறது என்று பொருள். லத்தீனில் எழுவாய், இரண்டாம், நான்காம், ஆறாம், விளி வேற்றுமைகளுக்குத் தனித்தனி இடம் உண்டு. எஞ்சிய மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையை, அதாவது 'வாளால்', 'மலையிலிருந்து', 'நகரில்' ஆகிய மூன்றையும், அப்லேட்டிவ் என்ற ஒரே வேற்றுமை செய்கிறது. கிரேக்கத்தில் அதுவும் இல்லை: ஐந்தாம் வேற்றுமையின் பொருள் ஆறாவதோடும், மூன்றாம் ஏழாம் வேற்றுமைகளின் பொருள் நான்காவதோடும் சேர்ந்துவிட்டன. இந்த ஒரு கணக்கை எழுதி மேசைமேல் ஒட்டிவைத்தால், ஆங்கிலப் பாடநூல்கள் 'அப்லேட்டிவின் பயன்கள்' என்று வரிசை எண்ணிட்டுத் தரும் நீண்ட பட்டியல் தானாகவே மூன்று கட்டுகளாகப் பிரிந்துவிடும்.

சில இடங்களில் தமிழும் லத்தீனும் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபடும். 'எனக்கு இரண்டு மகன்கள் உண்டு' என்பதை லத்தீனும் 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமை வடிவமான 'மிஹி' கொண்டே சொல்லும். அரசனுக்குக் கீழ்ப்படிதலும் இரு மொழியிலும் நான்காம் வேற்றுமைதான். ஆனால் நாம் ஒருவருக்கு உதவுகிறோம். லத்தீனின் வழக்கமான வினையான 'யுவாரெ' ஒருவரை உதவும். ஒற்றுமையை நம்பி அகராதியைப் பார்க்காமல் விடக்கூடாது.

நம் உருபுகள் தெளிவாகத் தனித்து ஒட்டும். அங்கே எண்ணும் வேற்றுமையும் ஒரே விகுதிக்குள் கரைந்திருக்கும். ரோஜாவைக் குறிக்கும் சொல்லின் 'ரொஸய்' என்ற வடிவம் 'ரோஜாவின்', 'ரோஜாவுக்கு', 'ரோஜாக்கள்' ஆகிய மூன்றுக்கும் பொது. எது என்பதை வாக்கியமே சொல்லும்.

மேசை பெண்ணாம், கை பெண்ணாம். இது என்ன கணக்கு?

பொருளைப் பார்த்துப் பால் சொல்லும் மொழி நம்முடையது. சொல்லைப் பார்த்துப் பால் சொல்லும் மொழிகள் அவை. இந்தி கற்றவருக்கு இது புதிதன்று. சொல்லைப் படிக்கும்போதே பாலையும் சேர்த்துப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மரங்களின் பெயர்கள் லத்தீனில் பெரும்பாலும் பெண்பால். சொல்லின் முடிவு ஆண்பால் போலத் தோன்றினாலும் அப்படித்தான். இதைத் தாவரவியல் பெயர்களில் இன்றும் காணலாம். அரசமரம் ஃபைகஸ் ரெலிஜியோசா, புளியமரம் டாமரிண்டஸ் இண்டிகா. முதற்சொல் 'அஸ்' என முடிந்தும் அடைமொழி 'ஆ' என முடிவது பிழையன்று. மரம் பெண்பால் என்பதால் அடைமொழியும் பெண்பால் ஏற்றது. துளசியோ ஓசிமம் டெனுய்ஃப்ளோரம். அங்கே இரண்டும் அஃறிணைக்குரிய வடிவம்.

அப்படியானால் பெயரடையும் பெயரும் ஒரே மாதிரி முடியும் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது, மேலே புளியமரத்திலேயே அது உடைந்துவிட்டதைப் பாருங்கள். பால், எண், வேற்றுமை ஆகிய மூன்றில் பொருந்த வேண்டுமே தவிர ஓசையில் பொருந்த வேண்டியதில்லை. 'அக்ரிகொல' என்றால் உழவர். முடிவைப் பார்த்தால் பெண்பால் போலிருக்கும், உண்மையில் ஆண்பால். எனவே நல்ல உழவர் 'அக்ரிகொல பொனுஸ்'.

தமிழில் 'நல்ல' என்பது 'நல்ல அரசி', 'நல்ல அரசியை', 'நல்ல அரசிகளுக்கு' என எங்கும் மாறாது. அதனால் எழுத்துப் பயிற்சிகளில் தமிழ் மாணவர்கள் மிகுதியாகத் தவறுவது இங்கேதான்: பெயரைச் சரியாகத் திரித்துவிட்டுப் பெயரடையை அப்படியே விட்டுவிடுவார்கள்.

அகராதியில் தேடினால் சொல்லே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

நீங்கள் தேடுவது திரிந்த வடிவம். லத்தீன் அகராதி பெயர்ச்சொல்லுக்கு எழுவாய் வடிவத்தையும் ஆறாம் வேற்றுமை வடிவத்தையும் சேர்த்துத் தரும். இரண்டாவதைப் பலர் படிக்காமல் விடுகிறார்கள். அடிச்சொல் அதில்தான் தெரியும். அரசன் 'ரேக்ஸ்', அரசனுடைய 'ரேகிஸ்'. முன்னதை மட்டும் மனனம் செய்தவர், நூலில் 'ரேகெம்' என்று வந்தால் அகராதியில் எங்கே தேடுவது என்று திகைப்பார்.

வினைக்குத் தலைச்சொல் தன்மை ஒருமை நிகழ்காலம், அதாவது 'நேசிக்கிறேன்' என்பது போன்ற வடிவம். அதைத் தொடர்ந்து லத்தீனில் மொத்தம் நான்கு அடிப்படை வடிவங்கள், கிரேக்கத்தில் ஆறு. 'சுமக்கிறேன்' என்பதன் நான்கும் 'ஃபெரோ, ஃபெர்ரெ, துலீ, லாதும்'. முதலிரண்டுக்கும் பின்னிரண்டுக்கும் எந்த உறவும் கண்ணுக்குத் தெரியாது. இவற்றை வாய்விட்டுச் சொல்லி மனனம் செய்வதே சிறந்தது. வாய்ப்பாடு ஒப்பித்த பழக்கம் இங்கே பயன்படும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் எண்மிய நூலகத்தில் திரிந்த வடிவத்தை இட்டால் அதன் தலைச்சொல்லையும் இலக்கணத்தையும் காட்டிவிடும். அதை ஐயம் தீர்க்கப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பயன்படுத்தினால் எதுவும் மனத்தில் தங்காது.

வாக்கியத்தில் முதலில் வினையைத் தேடு என்று பாடநூல் சொல்கிறது. அப்படித்தான் படிக்க வேண்டுமா?

அந்த அறிவுரை, வினை இரண்டாவதாக வரும் மொழியைப் பேசுவோருக்கானது. லத்தீன் உரைநடையில் வினை பெரும்பாலும் இறுதியில் வரும். 'ரேகீன ரொஸம் அமத்' என்பது 'அரசி ரோஜாவை நேசிக்கிறாள்' என்பதேதான், சொல்லுக்குச் சொல். இறுதிவரை வினைக்காகக் காத்திருப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். இடமிருந்து வலமாகவே படியுங்கள். ஒவ்வொரு சொல்லின் விகுதியையும் கண்டு, 'இது ஐ, இது கு' என்று மனத்தில் குறித்துக்கொண்டே செல்லுங்கள். லத்தீனை ஆங்கில வரிசைக்கு மாற்றி, பின் அதைத் தமிழாக்குவது வீண் வேலை.

செய்யுளில் மட்டும் பெயரடை ஓரிடத்திலும் பெயர் நான்கு சொல் தள்ளியும் கிடக்கும். சங்கப் பாடல்களுக்கு உரை படித்தவர்கள் இதைக் கொண்டுகூட்டு என்று உடனே அடையாளம் காண்பார்கள்.

கிரேக்கத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை தவிர நடுவில் ஒன்று இருக்கிறதாமே?

செய்பவரிடமே செயலின் பயன் திரும்பும் வினைவடிவம் அது. 'லூஓ' என்றால் குளிப்பாட்டுகிறேன், 'லூஒமய்' என்றால் குளிக்கிறேன். தமிழில் இதன் ஒரு பகுதியைத் தன்வினையும், இன்னொரு பகுதியை 'எடுத்துக்கொண்டான்', 'எழுதிக்கொண்டான்' என்பவற்றிலுள்ள 'கொள்' என்னும் துணைவினையும் செய்கின்றன. 'கொள்' சேர்த்துப் பார்ப்பது பல இடங்களில் பொருளைத் திறக்கும். எனினும் சில வினைகள் எந்தக் காரணமும் தெரியாமல் இவ்வடிவத்தில் மட்டுமே வழங்கும், அவற்றை அப்படியே ஏற்க வேண்டும்.

இன்னொரு கிரேக்க விந்தையையும் இங்கேயே சொல்லிவிடலாம். அஃறிணைப் பன்மை எழுவாய்க்கு ஆட்டிக் கிரேக்கம் ஒருமை வினையையே இடும். பாடநூல்கள் இதைப் பெரிய விதிவிலக்காக அறிவிக்கும். 'மாடெல்லாம் மேயுது', 'குழந்தைங்க விளையாடுது' என்று வீட்டில் பேசுபவருக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது?

'என்று' என்பதற்கு லத்தீனில் என்ன சொல்? எங்கும் காணவில்லையே?

செவ்வியல் லத்தீன் உரைநடையில், ஒருவர் கூற்றைப் பிறர் வாய்மொழியாகத் தரும்போது அதற்கு ஈடான சொல் பொதுவாக வராது. 'பகைவர் வருகிறார்கள் என்று தூதன் சொல்கிறான்' என்பது 'நூந்தியுஸ் தீகித் ஹொஸ்தேஸ் வெனீரெ' ஆகும். இதில் பகைவர் இரண்டாம் வேற்றுமையில், வருதல் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடம் காட்டாத வினைவடிவில். 'பகைவர் வருவதைச் சொல்கிறான்' என்ற தமிழ்த் தொடர் இதற்கு நெருங்கி வரும்; ஆனால் நம் 'ஐ' வினைமேல் ஏறுகிறது, அவர்களுடையது பகைவர்மேல் ஏறுகிறது. 'பகைவரை' என்று கண்டவுடன் யாரோ பகைவரைத் தாக்குகிறார் என்று முடிவுகட்டிவிடாமல், முன்னால் 'சொன்னான்', 'எண்ணினான்', 'கேட்டறிந்தான்' போன்ற வினை உள்ளதா என்று பாருங்கள். இந்தக் கட்டுமானம் புரியாமல் சீசரின் போர்க் குறிப்புகளை ஒரு பக்கம்கூடக் கடக்க முடியாது. கிரேக்கத்தில் இதுவும் உண்டு. 'என்று' போன்ற 'ஹொதி' என்ற சொல்லும் உண்டு, ஆனால் அது கூற்றுக்கு முன்னால் வரும்.

ஆங்கில நூல்கள் இதற்கு அடுத்ததாக அச்சுறுத்தும் 'உர்பெ கப்தா' வகைத் தொடர் நமக்கு மிக எளிது. 'நகரம் பிடிபட்டதும்' என்பதே அதன் பொருள். முதன்மை வினையின் எழுவாயோடு சேராத தனி எழுவாய் கொண்ட எச்சத்தொடர் அது. 'மழை பெய்து நெல் விளைந்தது' என்னும்போது நாமும் அதையே செய்கிறோம். லத்தீன் அதை அப்லேட்டிவிலும் கிரேக்கம் ஆறாம் வேற்றுமையிலும் வைக்கும்.

யாப்பு தெரியும். ஹோமர், விர்ஜில் செய்யுளை அலகிட அது உதவுமா?

குறில் நெடில் உணர்வு உதவும். அசை பிரிக்கும் பழக்கம் கெடுக்கும். காரணம் ஒற்று. நம் யாப்பில் ஒற்று அலகு பெறாது. 'க' என்பதும் 'கல்' என்பதும் நேரசையே. கிரேக்க, லத்தீன் யாப்பில் குறிலை அடுத்து ஒற்று நின்று அசையை மூடினால் அந்த அசை நெடிலுக்குச் சமமாகிவிடும். நேர், நிரை இரண்டையும் மறந்து, அசைகளை இரண்டு மாத்திரை, ஒரு மாத்திரை என்று மட்டும் எண்ணுங்கள். இவ்விருவரின் காப்பிய அடி ஆறு சீர் கொண்டது. சீர் என்பது ஒரு நெட்டசையும் இரு குற்றசையும், அல்லது இரு நெட்டசை. ஐந்தாம் சீர் பெரும்பாலும் முதல் வகை.

லத்தீனில் ஒரு சொல்லின் இறுதி உயிரும் அடுத்ததன் முதலுயிரும் சந்தித்தால் முன்னது கெடும். 'நாடு' என்பதும் 'இது' என்பதும் சேர்ந்து 'நாடிது' ஆவதைப் போன்றதே. அங்கே மகர ஒற்றில் முடியும் சொல்லும் இவ்வாறு கெடும் என்பது மட்டும் கூடுதல்.

சமஸ்கிருதம் தெரிந்தால் சுலபமாமே? பல கிரேக்கச் சொற்கள் தமிழிலிருந்து போனவை என்றும் சொல்கிறார்களே?

முதலாவது உண்மை. மூன்றும் ஒரே மொழிக்குடும்பம். கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் 1786இல் இந்த உறவை எடுத்துரைத்தது புகழ்பெற்றது. இருமை எண், மேலே சொன்ன நடுவினை, விருப்ப வினைவடிவம் ஆகியவை வடமொழி மாணவருக்குப் பழகியவை.

இரண்டாவதில் இஞ்சி போன்ற ஓரிரு சொற்கள் அளவுக்கு உண்மை உண்டு, அதற்குமேல் இல்லை. இஞ்சியின் கிரேக்கப் பெயரான 'சிங்கிபெரிஸ்' பிராகிருத வழியாகச் சென்றது என்பதும், அதன் முன்பகுதி திராவிடச் சொல் என்பதும் அறிஞர் பலர் ஏற்பது. வணிகப் பொருள்களோடு பெயர்களும் கப்பலேறுவது இயல்பே. இதைக் கொண்டு ஓசை ஒத்த சொற்களையெல்லாம் பட்டியலிடத் தொடங்குபவர்கள் இலக்கணப் பயிற்சியை நிறுத்திவிடுவதையே பார்க்கிறேன்.

தமிழகத்தைப் பற்றி அவர்கள் எழுதியதை மூலத்திலேயே படிக்க எவ்வளவு காலம் ஆகும்?

நாள்தோறும் அரை மணி நேரம் தவறாமல் படித்தால், லத்தீனின் அடிப்படை இலக்கணத்துக்கு ஓராண்டு ஆகலாம். கிரேக்கத்துக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். அதன்பின் எதை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். முசிறியையும் அதன் மிளகு வணிகத்தையும் விவரிக்கும் செங்கடல் பெரிப்ளூஸ் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூல். ஹைடெல்பர்கில் உள்ள 10ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதியே அதற்கு முதன்மை ஆதாரம். துறைமுகம், காற்று, ஏற்றுமதி, இறக்குமதி என்று வணிகர் கணக்கு எழுதும் நடை. சொற்கள் திரும்பத் திரும்ப வரும். கொய்னே அறிந்தவர் அகராதித் துணையுடன் படித்துவிடலாம். முசிறியையும் பாண்டியரின் மதுரையையும் குறிப்பிடும் ரோம எழுத்தாளர் பிளினியின் லத்தீனோ மிகச் சுருக்கமானது. பாதி வினைகளை வாசகரே வருவித்துக்கொள்ள வேண்டும். அதை இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திவையுங்கள். மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் லோயெப் வரிசையில், பச்சை அட்டை கிரேக்கம், சிவப்பு அட்டை லத்தீன். பிளினி சிவப்பில் கிடைப்பார்.

லத்தீன் மட்டும் படிப்பவருக்கு வேறொரு வாசலும் உண்டு. சீகன்பால்கின் தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சானது லத்தீனில்தான். வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதியதோடு, குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அம்மொழியில் பெயர்த்தார். சொல்லப்படும் பொருள் நமக்கு முன்பே தெரியும் என்பதால், இலக்கணப் பாடங்களில் பாதியைக் கடந்தவரே இவற்றில் சில பக்கங்களை முயலலாம். தெரிந்த குறள் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு லத்தீன் சொல்லின் வேற்றுமையையும் பென்சிலால் மேலே குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.